முன்சீப் பாட்டு

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பத்தோரு பேர். அதில் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர்கள் நான்கே பேர்தான். மற்றவர்கள் நியூ ஜெர்சி, சிங்கப்பூர், பெங்களூர், ஓ.எம்.ஆர். காலையில் முதல் பெருமாள் படம் அங்கிருந்துதான் வரும். கோபுரத்துக்கு நேர் நிழலில், உத்தர வீதியில் படுத்திருக்கும் எனக்கு விஸ்வரூப தரிசனம் ஓ.எம்.ஆர். வழியாகக் கிடைக்கிறது.

போன வருஷம் அம்மாவின் திதியன்று இந்தக் குழுவில் ஒரு பாட்டைப் போட்டேன். யாரோ ஒரு இளம் பெண், தம்புராவும் மிருதங்கமும் மட்டும் வைத்துக்கொண்டு அழகாகப் பாடியிருந்தார். ‘அம்மா பாடும் பாட்டு’ என்று கீழே ஒரு வரி எழுதினேன். கால் மணி நேரத்தில் பதினேழு ஜோடிக் கூப்பிய கைகள். ‘பெரியம்மா குரல் அப்படியே காதில் கேட்கிறது’ என்று சிங்கப்பூர். ‘திவ்யம்’ என்று பெங்களூர். பிறகு என் தம்பி பிள்ளை வந்தான். எதையும் தேடிப் பார்க்காமல் நம்பாத பையன். “பெரியப்பா, இதை எழுதினவர் கிறிஸ்டியன்னு போட்டிருக்கே?”

அதோடு கைகள் நின்றன. இரண்டு பேர் ஏற்கெனவே கூப்பிய கைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் அட்மின், என் மச்சினி, ‘இக்குழுவில் நம் சம்பிரதாயப் பாடல்கள் மட்டும் பகிரவும்’ என்று பொதுவாக ஒரு அறிவிப்பு போட்டாள். நான் வருத்தப்படக் கூடாதே என்று தனியாக எனக்கு ஒரு தாயார் படம் அனுப்பினாள்.

வருத்தமில்லை. ஆனால் அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்த விதத்தை இவர்களில் யாரும் பார்க்கவில்லை.

அப்பா வேலை பார்த்த இடத்தை 1976இல் இழுத்து மூடினார்கள். மூடியவர்கள் யார் என்று எழுதி இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா ஆறு மாதம் காலையில் அதே நேரத்துக்குக் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, அம்மா மண்டபம் வரை போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் கறிகாய் குறைந்தது. பிறகு சாத்துமுதில் பருப்பு குறைந்தது. ஏழாவது மாதம் அம்மா ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள்.

மேலப்புதூரில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கும் கூடம் ஒன்று இருந்தது. எட்டு மிஷின், ஒரே ஜன்னல். டிராயருக்கு இத்தனை பைசா என்று எண்ணிக் கூலி. காஜா எடுத்துப் பட்டன் கட்டினால் மேலே கொஞ்சம். பாட்டியிடம் மட்டும் ‘தையல் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்’ என்று சொல்லியிருந்தாள் அம்மா. சொல்லிக் கொடுக்கிறவள் விரலில் தினம் ஊசி ஏன் குத்துகிறது என்று பாட்டி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கௌரவம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது: எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் ஒரு அக்கா. பாலக்கரைக்காரர், கத்தோலிக்கர். அவர் தாத்தா உபதேசியாராக இருந்தவர். அந்தத் தாத்தா சொல்லிக் கொடுத்த பாட்டு ஒன்றை அக்கா வேலை நேரத்தில் பாடிக்கொண்டே இருப்பார். மிஷின் மிதிதான் தாளம். நூல் அறுந்தால் பாட்டும் அறும். எச்சில் தொட்டு நூலைக் கோர்த்துக்கொண்டு, விட்ட அட்சரத்திலிருந்து மறுபடி தொடங்குவார். ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிற ஒருத்தன், என்னைக் கைவிட்டுவிடாதே என்று கடவுளிடம் முறையிடும் பாட்டு. அந்தக் கூடத்தில் கஷ்டத்தில் இல்லாதவர் ஒருவரும் கிடையாது. ஆகவே எட்டு மிஷினுக்கும் அது பொதுப் பாட்டு.

அம்மா அதை அக்கா பாடியபடியே பிடித்துக்கொண்டாள், நூல் அறுந்த இடம் உட்பட. அநுபல்லவியில் ஓரிடத்தில் காரணமே இல்லாமல் நிறுத்துவாள். தோசைக்கு அரைக்கும்போது குழவி சுற்றிக்கொண்டே இருக்கும், பாட்டு மட்டும் நிற்கும், பிறகு தொடரும். ரேழியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்த இடத்தில் தலையை ஆட்டுவாள். அது ஏதோ பெரிய பாடாந்தரம் என்று அவளுக்கு எண்ணம்.

“ஏண்டி, இது யாரோட கீர்த்தனை?”

“தெரியலைம்மா. தையல்ல ஒருத்தி பாடறா.”

“நன்னாருக்கு. பாட்டுல சாமி பேரே வரலையே?”

“வரலை.”

“அப்ப நம்ம எம்பெருமானாத்தான் இருக்கும். மத்தவாளுக்குன்னா பேர் சொல்லணும். இவரை ‘ஏன்னா’ன்னு கூப்பிட்டாலே திரும்பிப் பார்ப்பார்.”

இப்படியாக, திருச்சி பாலக்கரையில் ஒரு உபதேசியார் வீட்டில் இருந்த பாட்டு, மேலப்புதூரில் மிஷின் மாறி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் அரங்கநாதரின் மேல் பாடப்பட்டது. அது என்ன ராகம் என்பதில் மட்டும் வீட்டில் கடைசி வரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

1977 நவம்பரில் புயலும் வெள்ளமும் வந்தன. திருச்சிக்காரர்கள் இன்றைக்கும் வயதைக் கணக்கிட அந்த வெள்ளத்தை வைத்துக்கொள்வார்கள். பஸ் நின்றுவிட்டது. அம்மா அன்று இரவு வரவில்லை. போன் என்பது தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்த காலம். அதுவும் செத்துக் கிடந்தது. அப்பா வாசலுக்கும் தெருமுனைக்குமாக விடிய விடிய நடந்தார். மறுநாள் மத்தியானம், முழங்கால் வரை சேற்றோடு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் யாரோ ஏற்றிவிட்ட லாரியிலுமாக அம்மா வந்து சேர்ந்தாள். அக்கா வீட்டு மாடியில் ராத்திரி முழுக்க ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்ததாகவும், பயம் தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

“என்ன சாப்பிட்டே?” இது பாட்டி.

“ரெண்டு வாழைப்பழம்.”

பாட்டி மேற்கொண்டு கேட்கவில்லை.

பாட்டுக்காரரின் பேர் எங்களுக்கு வானொலி மூலம்தான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் அதைக் கடிகாரமாகத்தான் வைத்திருந்தோம். காலைப் பக்திப் பாடல்களில் ஒரு அம்மன், ஒரு நாகூர், ஒரு மாதா என்று மூன்றும் வரிசையாக வரும். எந்தப் பாட்டுக்கு எந்தத் தாளிப்பு என்று வீட்டில் கணக்கு உண்டு. ஒருநாள் மெல்லிசைக்கும் கச்சேரிக்கும் நடுவில் அம்மாவின் பாட்டு வந்தது. நிறுத்தம் இல்லாமல் வந்தது. பாட்டி முகத்தைச் சுளித்தாள். பாடகர் அநுபல்லவியில் அவசரப்பட்டுவிட்டார் என்பது அவள் தீர்ப்பு. கடைசியில் அறிவிப்பாளர் சொன்னார்: இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அந்த வயதில் பெரியவர்களைத் திடுக்கிட வைப்பதுதான் பகுத்தறிவு. நூலகத்தில் உட்கார்ந்து உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ உட்பட எல்லாவற்றையும் புரட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாட்டி முன்னால் நின்றேன்.

“பாட்டி, நீ பெருமாள் பாட்டுன்னு கேட்டிண்டிருக்கியே, அதை எழுதினவர் கிறிஸ்தவர்.”

பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “என்ன உத்தியோகம்?”

“மாயவரத்துல முன்சீப்பா இருந்தார்.”

“முன்சீப்பா!” இப்போது நிமிர்ந்தாள். “அதான் பாட்டு இத்தனை கணக்கா இருக்கு.”

மதம் அவளுக்கு விஷயமாகப் படவில்லை. முன்சீப் வேலைதான் பட்டது. நான் விடவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் அவர் கையில் இருந்ததை எல்லாம் போட்டுக் கஞ்சி ஊற்றியதைச் சொன்னேன். தாது வருஷம் என்ற சொல்லுக்குப் பாட்டியின் கை நின்றது. 1876இல் தொடங்கிய பஞ்சம் அது. நமக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. அவளுக்கு அவள் பாட்டி.

“புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னாளாம் எங்க பாட்டி. அந்த வருஷத்துல கஞ்சி ஊத்தினாரா? அப்ப அந்த மனுஷன் பாட்டை யாரும் பாடலாம்.”

அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. “அம்மா, அன்னிக்கு வெள்ளத்துல நானும் வாழைப்பழம் சாப்பிடலை. அவா ஆத்துல கஞ்சிதான் குடிச்சேன்.”

“தெரியும்டி. ரெண்டு வாழைப்பழம் தின்னவ மூஞ்சியா அது?”

இவ்வளவுதான். திடுக்கிட்டது நான் ஒருத்தன்தான்.

வேதநாயகம் பிள்ளையைத் தமிழ் வகுப்புகள் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவராக, தமிழின் முதல் நாவலாசிரியராக, இரண்டு மதிப்பெண் கேள்வியாக ஆக்கி வைத்திருக்கின்றன. அந்த நாவல் 1879. அதற்கு ஒரு வருஷம் முன்பே, பஞ்சத்தின் ஈரம் காயாதபோது, அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வந்துவிட்டது. பேரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அவர் பிறப்பால் கத்தோலிக்கர். திருச்சியை அடுத்த குளத்தூர்க்காரர். திருச்சிக் கோர்ட்டில்தான் ஆவணக் காப்பாளராக, மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் ஆரம்பித்தார். 1857இல் முன்சீப் ஆனார். தியாகராஜரும் தீட்சிதரும் நடந்துபோன கர்நாடக சங்கீதப் பாதையில் தமிழில் கீர்த்தனை செய்தார். அதில் யாருடைய சாமி பேரையும் போடாமல் விட்டார். மறந்துபோய் விட்டதில்லை. கோர்ட்டில் தினம் இரண்டு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர், பாட்டிலாவது ஒரு தரப்பு போதும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

அந்தக் காலத்து நட்புகளைப் பாருங்கள். அவர் மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடியவர் சைவப் பெரும்புலவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நம்ம ஊர்க்காரர், உ.வே.சா.வுக்கு ஆசான். பஞ்சத்தில் அவர் செய்த உபகாரத்தைப் பார்த்து ‘நீயே புருஷ மேரு’ என்று கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் செய்த கோபாலகிருஷ்ண பாரதி. திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். இவர்கள் எல்லோரையும் சேர்த்து இன்றைக்கு ஒரு வாட்ஸப் குழு வைத்தால், முதல் வாரத்திலேயே அட்மின் அறிவிப்பு போட்டிருப்பார்.

என் குழுவில்தான் இப்படி. பாட்டு புறப்பட்ட இடத்திலாவது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. திதி நடந்து இரண்டு வாரம் கழித்து மேலப்புதூர் போனேன். தையல் கூடம் இருந்த இடத்தில் மொபைல் கவர் கடை. அக்கா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய பெண் இருக்கிறார், ரிட்டையர் ஆன டீச்சர். காபி கொடுத்தார். பேத்தி ஒரு ஜெபக்கூட்டத்தில் பாடுகிறாளாம். அவர்கள் வீட்டில் இளசுகள் மாதா கோவிலை விட்டு அங்கே போகிறார்கள். பேத்தி போனில் வீடியோ காட்டினாள். பெரிய பந்தல், எல்.இ.டி. திரை, டிரம்ஸ், இரண்டு கீபோர்டு, புகை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. கஷ்டத்திலிருந்து விடுதலை என்பதுதான் அதிலும் விஷயம். பாட்டு முடிந்ததும் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். மூன்று வருஷமாக விற்காமல் கிடந்த பிளாட் விற்றுவிட்டதாம். கூட்டம் கை தட்டியது. நிலம் விற்பதும் கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தையல் கூடத்துக் கஷ்டத்தின் அளவு எனக்கு மனசில் இருந்ததால் சட்டென்று பொருந்தவில்லை.

“உன் கொள்ளுப்பாட்டி ஒரு பாட்டு பாடுவாங்க, தெரியுமாம்மா?” என்று போனிலிருந்த பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

பேத்தி மரியாதையாக முழுதும் கேட்டாள். “நல்லா இருக்கு அங்கிள். ஆனா இது நம்ம பாட்டு இல்லையே. இயேசு பேரே வரலை. இதை அங்க பாட முடியாது.”

டீச்சர் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தத்தோடு அந்தப் பாட்டு கேட்டது. அநுபல்லவியில் அதே இடத்தில் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஆக, பாலத்துக்கு இந்தப் பக்கம் அது கிறிஸ்தவப் பாட்டு. அந்தப் பக்கம் அது கிறிஸ்தவப் பாட்டே இல்லை. முன்சீப் எந்தத் தரப்பிலும் வழக்கு ஜெயிக்கவில்லை.

பாட்டை வாசலில் நிறுத்திப் பேர் கேட்பது நம்மூர் வழக்கம் மட்டும் அல்ல. சிகாகோவில் தாமஸ் டார்சி என்று ஒரு கறுப்பினப் பியானோக்காரர். சாராயக் கடைகளில் ப்ளூஸ் வாசித்துப் பேர் வாங்கியவர். அந்த நெளிவு சுளிவுகளை எல்லாம் தேவாலயப் பாட்டுக்குள் கொண்டுவந்தபோது பல சபைகள் அவரை உள்ளே விடவில்லை. 1932இல் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்தபோது பிரசவத்தில் மனைவி போனாள், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் ‘பிரெஷியஸ் லார்ட்’ பாட்டு பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகப் பிடித்த பாட்டு. 1968இல் அவர் இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். டார்சியை இன்று ‘காஸ்பல் இசையின் தந்தை’ என்கிறார்கள். தந்தை ஆவதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்ச நாள் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி, வாசலில் நிற்காமலே எங்கள் குழுவுக்குள் வந்த ஒரு பாட்டுக்கு வருகிறேன்.

என் பேரன், எட்டு வயது, கீபோர்டு கற்றுக்கொள்கிறான். லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சைக்குத் தயாராகிறான். ஸ்ரீரங்கத்தில் இப்போது மாடிக்கு மாடி கீபோர்டு வகுப்பு. சாயங்காலம் வீதியில் நடந்தால் திருப்பாவைக்கும் டோ-ரே-மீக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். விரல் பழகுவதற்கு என்று வாத்தியார் ஒரு மெட்டு கொடுத்திருக்கிறார். கம்பீரமான மெட்டு, படிப்படியாக ஏறும். பையன் அதைத் தப்பில்லாமல் வாசித்த அன்று என் மருமகள் வீடியோ எடுத்து அதே குழுவில் போட்டாள். அரை மணியில் முப்பத்தொரு கைதட்டல். ‘வெஸ்டர்ன் கிளாசிக்கல்! சூப்பர்டா கண்ணா!’ என்று அட்மின். ‘காதுக்கு எவ்வளவு சாந்தமா இருக்கு’ என்று நியூ ஜெர்சி. தம்பி பிள்ளை மட்டும் எப்படியோ அன்று தேடவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் மெட்டின் தலைப்பைப் பார்த்தேன். ‘ஹோலி, ஹோலி, ஹோலி.’

அது ரெஜினால்ட் ஹீபர் எழுதிய ஞானப்பாட்டு. ஹீபர் கல்கத்தா பிஷப். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை திருச்சிக் கோட்டைக் கோவிலில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பி, வெயில் தாங்காமல் குளியல் தொட்டியில் இறங்கினார். நேரமாகியும் வெளியே வராததைக் கண்டு வேலைக்காரர் உள்ளே போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வயது நாற்பத்திரண்டு. திருச்சியின் ஏப்ரலை லேசாக எடுத்துக்கொண்டவர்களில் அவர்தான் மிகப் பிரபலம். கன்டோன்மென்ட் புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மறு வருஷம் அவர் மனைவி அவருடைய பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். பையன் வாசிக்கும் மெட்டு ஜான் டைக்ஸ் என்பவர் 1861இல் போட்டது. திரித்துவ ஞாயிறுக்கு, அதாவது டிரினிட்டி ஞாயிறுக்கு, எழுதிய பாட்டு. பரீட்சையின் பேரும் டிரினிட்டி. பேஷ்.

ஹீபர் செத்த அதே 1826இல், ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 11ஆம் தேதி, குளத்தூரில் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். ஒருவர் சீமையிலிருந்து வந்து இங்கே மண்ணானார். இன்னொருவர் இந்த மண்ணில் பிறந்து இந்தத் தமிழில் நம் ராகத்தில் பாடினார். எங்கள் குழுவின் கணக்கில் முதல் ஆள் வெஸ்டர்ன் கிளாசிக்கல், இரண்டாவது ஆள் வேற்றுச் சம்பிரதாயம்.

இதையெல்லாம் குழுவில் எழுதலாம் என்று விரல் துறுதுறுத்தது. எழுதவில்லை. எழுதினால் பாவம், அந்த முப்பத்தொரு பேரும் கைதட்டலை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேண்டிவரும். சிலருக்கு மூட்டு வலி வேறு. பையனும் அந்த மெட்டை ஆசையாக வாசிக்கிறான். இடது கையில் ஓரிடத்தில் இன்னும் தட்டுகிறது. அங்கே நின்று, விரலை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். நான் ரேழி இல்லாத இந்த பிளாட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்து அந்த இடத்தில் தலையை ஆட்டுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் எங்கள் குழுக்காரர் யாராவது இருந்தால் ஒரு விண்ணப்பம். மே மாதம் குழந்தைக்குப் பரீட்சை. அதுவரை தயவுசெய்து யாரும் எதையும் தேடிப் பார்க்க வேண்டாம்.